ஈசல் ஆடுகிறதா, வழுக்குகிறதா, கண் கூசுகிறதா: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

‘ஈசல்’ என்று தமிழில் தேடினால் மழை விட்டதும் விளக்கைச் சுற்றும் பூச்சிதான் முதலில் வரும். ஆனாலும் கேன்வாஸ் எனும் ஓவியத் துணிச் சட்டத்தையோ வரைபலகையையோ நிறுத்திவைத்து வரையும் தாங்கிக்கு (easel) ஓவியர்கள் வாயில் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. கடையில் வெறுமனே ‘ஸ்டாண்டு’ என்று கேட்பவர்களும் உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கல்யாண மண்டப வாசலில் வரவேற்புப் பலகை வைக்கும் மூன்று கால் தாங்கியும் ஸ்டாண்டுதான். அது படத்தைக் காட்டுவதற்குச் செய்தது, தூரிகையின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு அல்ல. ஒல்லியான கால், மேலே பிடிமானம் கிடையாது, சாய்வை மாற்ற வழியும் கிடையாது. கையில் இருப்பது அதுவானால் கீழே சொல்லும் பழுது நீக்கும் வேலைகளில் பாதி அதற்குப் பலிக்காது.

மற்றபடி கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: மூட்டில், தரையில், அல்லது நம் வேலைக்கும் ஈசலின் வகைக்கும் உள்ள பொருத்தத்தில். முதல் இரண்டும் நட்டு, போல்ட்டு, ரப்பர் துண்டோடு தீரும். மூன்றாவது தீராது, வேறு வகைதான் வாங்கவேண்டும். ஆகவே புதிதாக வாங்கக் கிளம்புமுன் எது என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

தூரிகை பட்டதும் மொத்தமும் ஆடுகிறது

கேன்வாஸை இறக்கிவிட்டு வெறும் ஈசலைச் சோதியுங்கள். நடுத்தண்டின் உச்சியை இரண்டு விரலால் தள்ளி, எந்த இடம் முதலில் அசைகிறது என்று பாருங்கள்.

தரையோடு சேர்ந்த கால் ‘டக் டக்’ என்று தட்டினால் அது தரைக் கோளாறு. மூன்று கால் ஈசல் எந்த மேடுபள்ளத்திலும் தட்டாது, மூன்று புள்ளியும் எப்போதும் தரையில் படியும். தட்டுவது எச்-ஃபிரேம் (H எழுத்து வடிவச் சட்டம்) மாதிரி நான்கு கால் உள்ளவைதான். தட்டும் காலின் அடியில் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஆட்டம் நின்றதும் எத்தனை நாணயம் என்று எண்ணி, அதே கனத்துக்குப் பழைய ஹவாய் செருப்பில் ரப்பர் வெட்டி ஒட்டிவிடுங்கள். காகிதத்தை மடித்துச் செருகுவது ஒரு வாரம் தாங்கும், பிறகு நசுங்கிவிடும்.

கால் அசையாமல் மேல்பகுதி மட்டும் ஆடினால் மூட்டுதான் காரணம். போல்ட் போகும் துளை நாளடைவில் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். மூட்டில் இரண்டு கட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நீளம் 10 செ.மீ. என்று வையுங்கள். அங்கே 1 மி.மீ. இடைவெளி இருந்தால், ஒன்றரை மீட்டர் மேலே நுனி 15 மி.மீ. ஆடும். விங் நட்டை (கையால் திருகும் இறக்கை வைத்த நட்டு) இன்னும் முறுக்குவதில் பயனில்லை; மரம் நசுங்கித் துளை மேலும் பெரிதாகும்.

செய்யவேண்டியது இது. 6 மி.மீ. போல்ட்டைக் கழற்றுங்கள். இரண்டு கட்டைகளையும் சரியாகப் பொருத்திப் பிடித்துக்கொண்டு 8 மி.மீ. ட்ரில்லால் ஒரே நேரத்தில் துளையிடுங்கள். 8 மி.மீ. போல்ட் போட்டு, மரத்தை ஒட்டி இருபுறமும் அகலமான வாஷர், அதன்மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியில் விங் நட். அகல வாஷரை விட்டுவிட்டு ஸ்பிரிங் வாஷரை நேராக மரத்தில் வைத்தால் அது மரத்தைக் கடித்துத் தின்றுவிடும். கழற்றவே தேவையில்லாத மூட்டென்றால் விங் நட்டுக்குப் பதில் நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள், தானாகத் தளராது.

கீல் ஸ்குரு மரத்தில் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளைக்குள் ஃபெவிகால் விட்டு, மருந்து கிள்ளிய தீக்குச்சிகளை இறுக்கமாகச் செருகி, ஒரு இரவு காயவிட்டு, பிறகு அதே ஸ்குருவை ஏற்றுங்கள். ஊர்த் தச்சு வேலையில் இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

அலுமினியக் கால்களில் மூட்டு சரியாக இருந்தும் ஆடும். கீழே போகப்போகக் குழாய் மெலிகிறது அல்லவா, முழு நீளமும் இழுத்தால் எடையெல்லாம் மெல்லிய குழாயில்தான் நிற்கும். முதலில் தடித்த மேல் அடுக்கை மட்டும் இழுங்கள், கடைசி அடுக்கைத் தேவைப்பட்டால் மட்டும். நடுத்தண்டை உயர்த்துவது எல்லாவற்றுக்கும் கடைசி.

அழுத்தினால் பின்கால் வழுக்குகிறது

வழவழப்பான டைல்ஸ் தரையில் ஏ-ஃபிரேம் ஈசலின் (A எழுத்து வடிவில் முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு கால்) பின்கால் மெல்லப் பின்னால் நகர்ந்து, ஒருநாள் மொத்தமாகச் சாய்ந்துவிடும். முன்காலையும் பின்காலையும் இணைக்கும் சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு கொக்கியும் ஒரு சங்கிலியும் போதும். நைலான் கயிறு இழுபடும், சங்கிலிதான் நல்லது. காலடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பாய் விரித்து அதன்மேல் வைப்பது தீர்வே அல்ல, பாய் டைல்ஸில் வழுக்கும்.

ஈசல் அசையவில்லை, கேன்வாஸ் மட்டும் துள்ளுகிறது

ஈசல்மேல் பழியைப் போடாதீர்கள். துணி தளர்ந்திருக்கிறது. சட்டத்தின் உள்மூலைகளில் உள்ள மர ஆப்புகளைச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி ஒரே அளவாகத் தட்டுங்கள். ஒரு மூலையை மட்டும் அடித்தால் சட்டம் கோணலாகும். பேலட் நைஃபில் (வண்ணம் பூசும் மழுங்கிய கத்தி) தடித்த வண்ணம் இழைப்பவர்கள் கேன்வாஸுக்கும் ஈசலுக்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகையை நிறுத்திக்கொண்டால் துள்ளல் அடங்கும். மேல் பிடிமானத்தைக் கேன்வாஸின் தலையில் இறுக்கியிருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பாருங்கள், பலர் அதை மறந்தே போகிறார்கள்.

வரையும்போது சரியாக இருந்தது, சுவரில் மாட்டினால் தலை பெரிதாகத் தெரிகிறது

இது கையின் குறை என்று நினைத்து வருடக்கணக்கில் மனம் நொந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் சாய்வின் குறைதான்.

மேசைமேல் படுக்கையாக ஒரு ஏ2 தாள். நீளம் 59.4 செ.மீ. உங்கள் கண் மேசைக்கு மேல் 45 செ.மீ. உயரத்தில், தாளின் அருகு விளிம்புக்கு 10 செ.மீ. பின்னால் இருக்கிறது. கணக்குப் போட்டால் தாளின் கீழ்ப்பாதி கண்ணில் ஏறத்தாழ 29 டிகிரி இடத்தைப் பிடிக்கும், மேல்பாதி 16 டிகிரியைத்தான். இரண்டும் ஒரே நீளம், ஆனால் மேல்பாதி கிட்டத்தட்ட பாதியாகத் தெரிகிறது. கண் குறுகிப் பார்ப்பதைக் கை தானாக நீட்டி வரைந்து ஈடுகட்டும். தாளை நிமிர்த்தி மாட்டியதும் அந்த ஈடுகட்டல் மட்டும் மிஞ்சும்: நீண்ட நெற்றி, கனத்த தலை, சூம்பிய கால்.

சோதிக்க ஒரு பென்சிலே போதும். தாளின் நடுவில் பென்சிலைத் தாளுக்குச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, வேலை செய்யும் நிலையில் இருந்தே பாருங்கள். உங்களை நோக்கியிருக்கும் பென்சில் முனையின் வட்டம் மட்டும் தெரிந்தால் தாள் உங்கள் பார்வைக்குச் செங்குத்தாக இருக்கிறது. பென்சிலின் உடம்பு தெரியத்தெரிய அந்த அளவு சாய்வு தப்பு. வட்டம் மட்டும் தெரியும்வரை பலகையை நிமிர்த்துங்கள்.

இதற்கென்று பெரிய ஈசல் வாங்கவேண்டியதில்லை. உட்கார்ந்து வரைபவர் எதிரில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பலகையின் அடியை மடியிலும் தலையை நாற்காலி முதுகிலும் சாய்த்துக்கொள்ளலாம். கலைக் கல்லூரிகளில் ‘டாங்கி’ என்று சொல்லும் பெஞ்சு இதே வேலைக்கானதுதான். குதிரைமேல் உட்காருவதுபோலக் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்தால் முன்னால் பலகை நிமிர்ந்து நிற்கும். உருவப் பயிற்சிக்கு மட்டும் ஈசல் தேடுபவர் டாங்கியோடு நிறுத்திக்கொள்ளலாம், இடமும் குறைவாகவே பிடிக்கும்.

எல்லா ஓவியத்துக்கும் நிமிர்ந்த பலகை சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) தூள் கலவையை மேடாக எடுத்து, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டுவதெல்லாம் பலகை படுத்திருந்தால்தான் நடக்கும். அதற்கு ஈசல் கேட்டு வருபவருக்கு உயரம் குறைந்த சாய்வு மேசையே போதும்.

ஈர வண்ணம் பளபளத்துக் கண் கூசுகிறது

எண்ணெய் வண்ணத்தில் அடர்ந்த நிறங்கள் எல்லாம் வெள்ளை பூத்ததுபோலத் தெரியும், என்ன நிறம் போட்டோம் என்றே புரியாது. ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக் கேன்வாஸின்மேல் படிய வைத்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்தே பாருங்கள். கண்ணாடியில் ஜன்னலோ டியூப் லைட்டோ தெரிந்தால் அதுதான் குற்றவாளி. அது கண்ணாடியை விட்டு மறையும்வரை சாய்வை மாற்றுங்கள்.

கேன்வாஸ் பின்னால் சாய்ந்திருந்தால் மேலிருந்து வரும் வெளிச்சம் நேராக நம் கண்ணுக்குத் திரும்பும். ஆகவே தலைப்பகுதியை முன்னால் கொண்டுவர வேண்டும். கேன்வாஸ் 1 டிகிரி நகர்ந்தால் பிரதிபலிப்பு 2 டிகிரி நகரும், கொஞ்சம் அசைத்தாலே போதும். சாய்வு மாற்றும் திருகு உள்ள எச்-ஃபிரேமில் இது ஒரு நிமிட வேலை. ஏ-ஃபிரேமில் அந்த வசதி இருக்காது. அதில் 24 அங்குலக் கேன்வாஸின் தலைக்கும் நடுத்தண்டுக்கும் இடையில் 2 அங்குலக் கட்டையைச் செருகுங்கள். கேன்வாஸ் கிட்டத்தட்ட 5 டிகிரி முன்னால் வரும், பிரதிபலிப்பு 10 டிகிரி விலகும். மேல் பிடிமானம் அப்போது எட்டாது. கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

பேஸ்டல் (உதிரும் வண்ணக் கட்டி) போடுபவர்களுக்கும் இதே முன்சாய்வு வேண்டும். காரணம் வேறு: உதிரும் தூள் படத்தின் கீழ்ப்பகுதியில் படியாமல், கேன்வாஸ் உட்காரும் தட்டில் நேராக விழும். தட்டில் ஈரத்துணி ஒன்றை விரித்து வையுங்கள், தூள் அறை முழுக்கப் பறக்காது.

வாட்டர் கலர் வழிந்து கீழே தேங்குகிறது

நிமிர்ந்த ஈசலில் வாஷ் (தண்ணீர் அதிகம் கலந்த வண்ணப் பூச்சு) போட்டால் வழியாமல் என்ன செய்யும்? வாட்டர் கலருக்குப் பலகை லேசாக மட்டும், சுமார் 15 டிகிரிக்குள் சாய்ந்திருக்கவேண்டும். முழுக்கப் படுக்கவைத்தால் தண்ணீர் குட்டையாய் நின்று, காயும்போது ஓரம் பூத்துப்போகும். அதிகம் நிமிர்த்தினால் ஓடிவிடும்.

வாங்குமுன் இதைச் சோதிக்க ஒரு செங்கல் போதும். சாதாரணச் செங்கல் 9 அங்குல நீளம், 4½ அகலம், 3 உயரம். ஒரு அடி நீளப் பலகையின் தலைப்பக்கத்தில் செங்கலைப் படுக்கவைத்தால் ஏறத்தாழ 15 டிகிரி கிடைக்கும். 42 செ.மீ. பலகையானால் படுத்த செங்கல் 10 டிகிரி, பக்கவாட்டில் நிறுத்திய செங்கல் 15 டிகிரி. ஒரு வாரம் இப்படி வேலை செய்து, இந்தச் சாய்வே போதும் என்று தோன்றினால் ஈசலே வேண்டாம். வெளியில் போய் வரைய வேண்டுமானால், தலையைப் படுக்கையாக மடக்கக்கூடிய மூன்று கால் ஈசலாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் அதை மடக்கிக் காட்டச் சொல்லி, பலகையின் ஒரு மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அங்கேயே தலை சரிந்தால் வீட்டில் தண்ணீர்க் கிண்ணத்தோடு சரியும்.

மழைக்காலத்தில் சிக்குகிறது, கோடையில் நழுவுகிறது

மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, குறுக்குவாக்கில்தான் ஈரம் குடித்து உப்பும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எச்-ஃபிரேமின் நடுத்தண்டு காடிக்குள் (அது ஏறி இறங்கும் பள்ளம்) இறுகிக்கொண்டு ஏறவும் மாட்டாது இறங்கவும் மாட்டாது. உடனே இழைப்புளியைத் தேடுவார்கள். ஐப்பசியில் இழைத்தால் சித்திரையில் ஆடும். கோடையில் மரம் சுருங்கியதும் நடுத்தண்டு பிடிமானமின்றிக் கேன்வாஸோடு கீழே இறங்கும்.

சிக்கும்போது தண்டை வெளியே எடுத்து, வெள்ளை மெழுகுவர்த்தியைக் காடியிலும் தண்டின் விளிம்பிலும் அழுத்தித் தேயுங்கள். எண்ணெய் விடவேண்டாம், தூசி ஒட்டிப் பசையாகும். அப்படியும் நகரவில்லை என்றால் மட்டும் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. இழைப்பதை மாசி, பங்குனிவரை தள்ளிப்போடுங்கள், அதற்குள் பெரும்பாலும் தேவையே இருக்காது.

ஈசலுக்கடியில் மாவு கொட்டியதுபோல மெல்லிய தூளும் மரத்தில் குண்டூசித் துளைகளும் தெரிந்தால் அது வண்டு. ரப்பர் மரத்திலும் மாமரத்திலும் அதிகம் வரும். அந்த ஈசலை முதலில் மற்ற கேன்வாஸ் சட்டங்களிடமிருந்து பிரித்து வையுங்கள், பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம். கடலோர ஊர்களில் விங் நட் துருவேறி உறைந்துவிடும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ ஒருமுறை மாற்றிவிட்டால் வேலை தீர்ந்தது.

வெளியில் வைத்தால் காற்று தூக்கிப்போகிறது

18×24 அங்குலக் கேன்வாஸ் காற்றுக்கு ஒரு கப்பல் பாய். மணிக்கு 29 கி.மீ. காற்று அதன் முகத்தில் அடித்தால் சுமார் 1.3 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். அதுவும் 1.3 மீட்டர் உயரத்தில். 2 கிலோ அலுமினிய ஈசல், கால்கள் நடுவிலிருந்து அரை மீட்டர் விரிந்து நின்றாலும், இதற்குத் தாங்காது. கணக்குப்படி இன்னும் ஏறத்தாழ 5 கிலோ வேண்டும். 5 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை ஈசலின் நடுவில் தொங்கவிடுங்கள். தூரிகை கழுவத் தண்ணீர் எப்படியும் தேவைதானே. கேனின் அடி தரையை லேசாகத் தொடட்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடி ஈசலையும் ஆட்டும்.

கால் வைக்கும் திசையும் முக்கியம். மூன்று காலில் ஒன்று காற்று போகும் பக்கம் நீண்டிருக்கட்டும். இரண்டு காலுக்கு நடுவில்தான் ஈசல் கவிழும், காலின்மேல் கவிழாது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை வரையப் போகிறவர்கள் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது; வெயில் ஏறினால் கடற்காற்று எழும். திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் காயவிடுங்கள். குழாய்க்குள் மணல் தங்கினால் அடுத்தமுறை பூட்டு பிடிக்காமல் கால் தானாக உள்வாங்கும்.

தோள் வலிக்கிறது, அல்லது தண்டு மின்விசிறியில் இடிக்கிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரு முகம். கை தோளுக்குமேல் போய் வேலை செய்தால் வலி வரும். ஆகவே உடம்பை வளைக்காமல் கேன்வாஸை ஏற்றி இறக்கவேண்டும். 5 அடிக் கேன்வாஸின் அடிப்பகுதியை நின்றபடி வரைய, தட்டு 3½ அடி உயரத்துக்கு வரவேண்டும். அப்போது கேன்வாஸின் தலை 8½ அடி, அதற்குமேல் பிடிமானம். 10 அடிக் கூரை உள்ள வீட்டில் மின்விசிறி இறக்கை அந்த உயரத்தில்தான் சுற்றுகிறது. பெரிய எச்-ஃபிரேம் வாங்குமுன் தட்டு உயரத்தோடு கேன்வாஸ் உயரத்தைக் கூட்டி, மின்விசிறி வரையுள்ள உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடமில்லை என்றால் கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையலாம், அல்லது அடிப்பகுதிக்கு ஸ்டூலில் உட்காரலாம்.

கீழ் ஓரத்தில் ஒரு பட்டை வெள்ளையாக நிற்கிறது

தட்டின் உதடு மறைத்த இடம். கேன்வாஸின் இரு கீழ்மூலைகளுக்கடியில் உதட்டைவிடக் கொஞ்சம் உயரமான மரத்துண்டுகளை வையுங்கள், தீர்ந்தது.

ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால்

3 அடிவரை உயரமுள்ள கேன்வாஸுக்குச் சாதாரண ஏ-ஃபிரேமே போதும்; தேக்கில் செய்தால் கடைப் பைன் மர ஈசலைவிட நின்று உழைக்கும். முன்கால் இரண்டும் பின்கால் ஒன்றும் ஒரே நீளம், 6 அடி, 2×1 அங்குலக் கட்டை. முன்கால்களின் அடி அகலம் 2½ அடி, உச்சியில் 6 அங்குலம். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தரையில் 3 அடி விரித்தால் முகம் 15 டிகிரி சாயும், 2 அடியானால் 10 டிகிரி. சங்கிலியை இந்த இரண்டு நிலைக்கும் மாட்டும்படி கேளுங்கள். கேன்வாஸைத் தாங்கும் முளை செருகும் துளைகள் தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி 4 அடிவரை, 3 அங்குலத்துக்கு ஒன்று, 12 மி.மீ. அகலம்.

துளைகளை ஒவ்வொரு காலிலும் தனித்தனியாக அளந்து போட விடாதீர்கள். இரண்டு முன்கால்களையும் தலை சமமாக வைத்துச் சேர்த்துக் கட்டி, ஒரே ட்ரில் இரண்டிலும் நுழைந்து வெளியேற வேண்டும். பட்டறையை விட்டுக் கிளம்புமுன் ஒரே வரிசையின் இரண்டு முளைகளையும் செருகி, அவற்றின்மேல் ஒரு நேரான கட்டையை வைத்து, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிற்கவில்லை என்றால் அந்த ஈசலில் வைக்கும் ஒவ்வொரு கேன்வாஸும் கோணலாகத்தான் உட்காரும்.